டிசம்பரில் ஒரு கால் பக்கம் கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பதிப்புகளின் விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கமுங்க. கணபதியில் சிலிண்டர் போரிங் பட்டறை நடத்தி, இப்போது அதை மகனிடம் விட்டுவிட்டு, காலையில் பேக்கரியில் டீயும் பேப்பருமாக உட்காருகிற ஆள் நான். உங்கள் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படிப்பவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான், கார் பைத்தியம். எனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, "இந்த வருஷமும் வெர்ஸ்டப்பன்தான் உலக சாம்பியனாமே?" என்றேன். "எதுல அப்புச்சி?" என்று திருப்பிக் கேட்டான். கார் பந்தயத்தில் என்றேன். "அது சரி, எந்தக் கார் பந்தயத்துல?"

அப்புறம் ஒரு மணி நேரம் போனை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினான். நாற்பது வருஷமாக பேப்பர் படிக்கிற எனக்கு அதில் பாதிக்கு மேல் புதுச் செய்தி.

மேக்ஸ் வெர்ஸ்டப்பன் ஃபார்முலா 1 பட்டத்தைத் தொடர்ந்து நான்காவது முறையாக வென்றது உங்கள் பக்கத்தில் படத்தோடு வந்தது. நல்லது. ஆனால் அதே சீசனில் மோட்டோ ஜிபி என்கிற உலக பைக் பந்தயத்தில் நடந்த கூத்தை ஏன் விட்டீர்கள்? பன்யாயா என்பவர் பதினோரு கிராண்ட் பிரீ, அதாவது ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பந்தயம், வென்றார். ஹோர்ஹே மார்ட்டின் வென்றது மூன்றே மூன்று. பட்டம் மார்ட்டினுக்கு! வித்தியாசம் 10 புள்ளி. சனிக்கிழமை ஓடும் சின்னப் பந்தயத்துக்கும் முதலிடத்துக்கு 12 புள்ளி உண்டு, ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயத்துக்கு 25. பன்யாயா ஜெயித்த நாளில் ஜெயித்தார், மற்ற நாளில் பல தடவை விழுந்தார். மார்ட்டின் இரண்டாவது, மூன்றாவது என்று வாராவாரம் சேர்த்துக்கொண்டே போனார். அதுவும் பைக் கட்டும் டுகாட்டி கம்பெனியின் சொந்த அணியில் இல்லை, பிராமக் என்கிற தனியார் அணியில் இருந்துகொண்டு. மோட்டோ ஜிபி என்று பெயர் மாறிய பிறகு அப்படி ஒருவர் பட்டம் வென்றது அதுதான் முதல் தடவை. கடைசிப் பந்தயம் வலென்சியாவில் நடக்க வேண்டியது. அங்கே வெள்ளம் வந்து ஊரே சீரழிந்ததால் பார்சிலோனாவுக்கு மாற்றினார்கள். இவ்வளவும் ஒரே செய்தியில் இருக்கிறது. இங்கே டீக்கடை வாசலில் நிற்கிற வண்டியெல்லாம் பைக்தான், இதைப் படிக்க ஆள் இல்லாமலா போய்விடும்?

ஃபார்முலா 1க்கு இரண்டு படி கீழே இருக்கிற ஃபார்முலா 3 இன்னும் வேடிக்கை. லியோனார்டோ ஃபோர்னரோலி என்ற இத்தாலிப் பையன் சீசன் முழுக்க ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் சாம்பியன் ஆனான். மோன்சாவில் கடைசிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஒரு காரை முந்தி மூன்றாவதாக வந்தான், பட்டம் கிடைத்துவிட்டது. ஜெயிக்காமல் சாம்பியனா என்று பேக்கரியில் நான் சொன்னதற்கு ஒரு வாரம் சண்டை. என் கட்சி, அது தகும் என்பது. லேத்தில் ஒரு நாள் நூறு பீஸ் போட்டுவிட்டு அடுத்த நாள் டூலை உடைக்கிறவனைவிட, தினமும் எண்பது பீஸ் சுத்தமாகப் போடுகிறவன்தான் எனக்கு வேண்டும். அந்தப் பையன் அடுத்த வருஷமே ஃபார்முலா 2 பட்டத்தையும் எடுத்துவிட்டான் என்பது என் கட்சிக்கு வந்த கூடுதல் ஓட்டு.

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் 2024இல் கணக்கே வேறு. சீசன் கடைசியில் பட்டத்துக்கு ஓடுகிறவர்களைக் கட்டம் கட்டமாக வடிகட்டினார்கள். ஜோய் லொகானோ அதில் பாதி வழியில் புள்ளி போதாமல் வெளியே போய்விட்டார். பந்தயம் முடிந்து சோதனை போட்டபோது அலெக்ஸ் போமன் என்பவரின் கார் எடை குறைவாக இருந்தது. அவரைத் தகுதி நீக்கம் செய்ததும் லொகானோ உள்ளே வந்தார். அடுத்த பந்தயம் லாஸ் வேகாஸ், அதை ஜெயித்தார். கடைசியில் ஃபீனிக்ஸையும் ஜெயித்து மூன்றாவது பட்டம். வருஷம் முழுக்க ஓடியதைவிடக் கடைசி சில வாரம் ஓடியதுதான் அப்போது அங்கே பெரிதாக இருந்தது. எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை. ஆனால் எடைத் தட்டில் ஒரு சாம்பியன் பட்டம் கைமாறியது என்றால் எந்தப் பட்டறைக்காரனும் நின்று படிப்பான்.

ராலி பற்றி ஒன்று. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பார்த்தவர்களுக்கு ராலியை விளக்கவே வேண்டாம். 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஒவ்வொரு வண்டியாக விட்டு, கடிகாரத்தில் நேரம் எடுக்கிறோம். பக்கத்து வண்டியோடு முட்டிக்கொள்வது இல்லை. உலக ராலியும் அதே முறைதான், காளைக்குப் பதிலாக கார், மீட்டருக்குப் பதிலாக கிலோமீட்டர். அதில் பெல்ஜியத்துக்காரர் தியரி நூவில் ஐந்து தடவை இரண்டாம் இடத்தோடு வீட்டுக்குப் போனவர். 2024இல் ஜப்பானில் வைத்துப் பட்டத்தை முடித்தார். இந்த ஒப்பீட்டோடு நான்கு வரி எழுதியிருந்தால் ஆனைமலையில்கூட நூவில் பெயர் தெரிந்திருக்கும்.

2024இன் மற்ற சாம்பியன்கள் சுருக்கமாக. பாலைவன ராலியான டாக்கரில் கார்லோஸ் சைன்ஸ், வயது 61, ஆடி கார். ஃபார்முலா 1 ஓட்டும் சைன்ஸின் அப்பா. அமெரிக்காவின் திறந்த சக்கரத் தொடரான இண்டிகாரில் அலெக்ஸ் பலோ, மூன்றாவது பட்டம். மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈயில் பாஸ்கல் வேர்லைன், ஃபார்முலா 2இல் போர்டொலெட்டோ, பெண்களுக்கான எஃப்1 அகாடமியில் அபி புல்லிங். சூப்பர் பைக்கில் துருக்கியின் டோப்ராக், பிஎம்டபிள்யூவுக்கு அந்தத் தொடரில் முதல் பட்டம். நீண்ட தூரப் பந்தயத்தில் போர்ஷேயின் ஆறாம் எண் கார், மூன்று பேர் மாறி மாறி ஓட்டியது.

ஜப்பானை மட்டும் அவசரப்படாமல் சொல்ல வேண்டும். ஷோ சுபோய் என்பவர் அங்கே சூப்பர் ஃபார்முலா பட்டத்தையும், கென்டா யமஷிதாவோடு சேர்ந்து சூப்பர் ஜிடி பட்டத்தையும் ஒரே வருஷத்தில் வென்றார். ஒன்று திறந்த சக்கர வண்டி, இன்னொன்று கூரை போட்ட கார். ஓட்டும் கை ஒன்று, ஓட்டும் விதம் வேறு. முன் காலத்தில் ஜிம் கிளார்க் 1965இல் ஃபார்முலா 1 பட்டமும் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயமும் வென்றார். அதற்காக மொனாக்கோ ஃபார்முலா 1 பந்தயத்தையே விட்டுவிட்டுப் போனவர். இப்போதெல்லாம் அப்படிப்பட்ட ஆள் அரிது.

இங்கேதான் நம் ஊர் வருகிறது. அந்த இரண்டு ஜப்பான் தொடரிலும் ஓட்டியவர் நம் கோயமுத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலா, 2019இல் சூப்பர் ஜிடி. அந்த நவம்பரில் ஜப்பானின் ஃபூஜி டிராக்கில் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் என்ற தொடரின் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் ஜெயித்தார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்தார். ஆனால் உங்கள் பக்கங்கள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் 2005, ஜோர்டான் கார், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரர், அத்தோடு நிற்கிறது. மீதி வருஷமெல்லாம் அவர் சும்மா இருந்த மாதிரி.

கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர் இது. 1995இல் விமான விபத்தில் அவர் போனார். 2003இல் செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே டிராக் வந்தது. அங்கே தேசியப் பந்தயம் நடந்தால் கணபதியிலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் போகிற மெக்கானிக்குகளுக்குக் கணக்கில்லை. அடுத்த நாள் பேப்பரில் மூன்று வரி. ஒரு தடவை, எந்தப் பேப்பர் என்று சொல்ல மாட்டேன், ஜெயித்தவன் பெயரும் இரண்டாவதாக வந்தவன் பெயரும் இடம் மாறி அச்சாகியிருந்தது. ஜெயித்தவனின் மெக்கானிக் என் பட்டறைக்கு வந்து பேப்பரைக் காட்டிச் சிரித்தான். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு நாள், எல்லாத் தொடரும் முடிந்த பிறகு, டிசம்பரில் கால் பக்கம். எந்தத் தொடர், யார் சாம்பியன், எந்த வண்டி, புள்ளிக் கணக்கு எப்படி. கடைசி வரியில் நம் செட்டிபாளையத்தில் அந்த வருஷம் ஜெயித்தவர்கள். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேரனுக்குப் போன் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, அவன் தேடிக்கொள்வான். பட்டறையில் பிஸ்டன் துடைக்கிற பையன்கள் டீ குடிக்கும்போது புரட்டுவது உங்கள் பக்கத்தைத்தான். பந்தயம் என்றால் ஃபார்முலா 1 என்ற ஒரே தொடர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டயர் மாற்றுகிறவர், எஞ்சின் பார்க்கிறவர், எடை போடுகிறவர் என்று ஒவ்வொரு தொடரிலும் நூற்றுக்கணக்கான ஆள் வேலை செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பெயர்களைத் தமிழில் எழுதுவது சிரமம் என்று சொல்லிவிடாதீர்கள். பேரன் ஒவ்வொன்றையும் வீடியோவில் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான், கேட்டால் கொடுத்தனுப்புகிறேன். அந்த ஜப்பான்காரர் சுபோயா, த்சுபோயா என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணபதி வாசகன்