உன் வாக்கு மன்னாரிலேயே இருக்கட்டும்

குருநாகல்,
2019 டிசம்பர்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வாக்கை மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு மாற்றவா என்று கேட்டிருந்தாய், அதற்குக் கடைசியில் வருகிறேன். முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற ஆள் எனக்கு இப்போது நீ ஒருத்தன்தான். "போனில் அரசியல் கதைக்காதே, எழுது" என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். கடிதத்தை உடைத்துப் பார்க்க இவர்களுக்குத் தெரியாதா என்ன? என்றாலும் உன் சொல்லைத் தட்டாமல் நானும் பேனையை எடுத்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. பேத்தி ஓ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். கணிதம் சரியில்லையாம், மற்றதெல்லாம் பரவாயில்லையாம். என் முழங்கால் அப்படியே இருக்கிறது. மழை விடாததால் வீட்டுக்குள்ளேயே கிடந்து ரி.வி. பார்த்துக் கெட்டுப்போகிறேன். வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்று டவுனில் குதூகலம். எங்கள் சந்திக் கடையில் மட்டும் ஒரு சாமானும் விலை இறங்கவில்லை.

பஸ் விஷயத்தை நீ இரண்டு வரியில் முடித்துவிட்டாய். நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன உங்கள் பஸ் வரிசைக்குத் தந்திரிமலையில் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள் என்று அன்று காலையிலேயே செய்தியில் கேட்டேன். உனக்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. ஒருத்தருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று அறிந்த பிறகுதான் நானே வாக்குச்சாவடிக்குப் போனேன். நீ எழுதியிருப்பதோ, "முன்னால் போன பஸ்ஸுக்குக் கண்ணாடி போனது, நாங்கள் போய்ப் போட்டுவிட்டு வந்தோம்" என்று மட்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களான உங்களை வெளியேறச் சொல்லி, படகேறிக் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய கதையையும் நீ இப்படித்தான் சொன்னாய், வெயில் கடுமையாக இருந்தது என்று. உன்னிடம் பயத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கே நான் பார்த்த பயத்தைச் சொல்கிறேன்.

பெறுபேறு வந்த ஞாயிற்றுக்கிழமை, 17ஆம் திகதி, ரி.வி.யில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வடக்கும் கிழக்கும் சஜித் பிரேமதாச வென்ற நிறம், நுவரெலியா அதே நிறத்தில் ஒரு பொட்டு, மீதி நாடு முழுக்கக் கோட்டாபய ராஜபக்ஷவின் மெரூன். பார்த்தவுடன் எங்கள் தமிழ் ஆட்களும் சிங்கள ஆட்களும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஈழப் படம்." எங்கள் பக்கம் அதைச் சொன்னது ஒருவிதப் பெருமையோடு. அவர்கள் சொன்னது நெஞ்சு பதறி.

எனக்கு அந்தப் படத்தில் கோபம் வந்தது. மறுநாள் பேப்பரில் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், ஓய்வுபெற்ற கிளார்க்குக்கு வேறு என்ன வேலை? கோட்டாபயவுக்கு 69 இலட்சம், சஜித்துக்கு 55 இலட்சம். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல (அம்பாறை) ஐந்தையும் சேர்த்தால் சஜித்துக்கு விழுந்தது பதினொன்றரை இலட்சம்தான். மீதி 44 இலட்சம் எங்கிருந்து வந்தது? மெரூன் பூசிய இடங்களிலிருந்தும் அந்த நுவரெலியாப் பொட்டிலிருந்தும்தான். இந்தக் குருநாகல் மாவட்டத்திலேயே 4 இலட்சத்துக்கு மேல் சஜித்தின் அன்னச் சின்னத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் முஸ்லிம்கள் எத்தனை பேர், தமிழர் எத்தனை பேர் என்று கழித்துப் பார், சிங்களவர்தான் பெரும்பகுதி மிஞ்சுவார்கள். அதேபோல யாழ்ப்பாணத்தில் 23 ஆயிரம் பேர் கோட்டாபயவின் மொட்டுச் சின்னத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்று பூசினால் உள்ளே இருக்கிற ஆட்கள் மறைந்துபோகிறார்கள். ஆனால் நாட்டின் மனதில் நிற்கப்போவது இலக்கம் அல்ல, அந்தப் படம்.

அந்த ஞாயிறு சஜித் தோல்வியை ஒத்துக்கொண்டதும் சந்தியில் வெடி தொடங்கியது. பழைய பழக்கம் மச்சான், வெடிச்சத்தம் கேட்டால் கை தானாகக் கதவைச் சாத்துகிறது. ஜன்னல்களையும் பூட்டிவிட்டு, பேத்தியை உள் அறையில் இருந்து படி என்றேன். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வளவுச் சிங்கள அக்கா, கையில் தட்டோடு பாற்சோறு. அவரை உனக்கு நினைவிருக்கும், நீ வந்திருந்தபோது உனக்கு இளநீர் வெட்டித் தந்தவர். 1996இல் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது, அங்கே சிப்பாயாக இருந்த இவருடைய மூத்த மகனும் போனான். உடல் வரவில்லை.

அக்கா முதலில் சொன்னது, "இனிப் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம்." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மனிதர் வென்றதால் நான் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறேன், இவர் அதே ஆள் வென்றதால் இனி நித்திரை வரும் என்கிறார். கேட்டேன், இதுவரை நித்திரை கொள்ளவில்லையா என்று. உட்கார்ந்து சொன்னார். ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த ஈஸ்டருக்குப் பிறகு, போயா நாளில் பன்சாலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போவதை விட்டுவிட்டாராம், வெள்ளை உடுத்த கூட்டத்துக்குள் குண்டு வைப்பார்கள் என்று. மே மாதம், முஸ்லிம்கள் வாளோடு வருகிறார்கள் என்று யாரோ போனில் அனுப்ப, இரவு முழுக்க லைட்டை அணைத்துவிட்டு மருமகளோடு விழித்திருந்தாராம்.

அது எந்த இரவு என்று நான் யோசித்தேன். ஹெட்டிபொல, பிங்கிரிய, குளியாப்பிட்டிய பக்கமெல்லாம் பள்ளிவாசல்களையும் கடைகளையும் உடைத்து எரித்த அதே நாட்கள். எனக்குத் தெரிந்த முஸ்லிம் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு வயலுக்குள் படுத்திருந்தது. அக்கா வீட்டிலிருந்து அந்த வயல் அதிக தூரமில்லை. இரண்டு வீட்டாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்து ஒரே இருட்டில் விழித்திருக்கிறார்கள், உண்மையில் கத்தியோடு வந்தவர்கள் லொறியில் வேறெங்கிருந்தோ வந்தவர்கள்.

அக்காவை இனவாதி என்று சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்தலாம். ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் அப்படித்தான் சொல்கிறான். "69 இலட்சம் பேரும் இனவாதிகள் மாமா, நீங்கள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள்?" அவனுக்கு என்ன, பனியில் இருந்துகொண்டு சொல்லலாம். அக்காவின் பயத்தில் பொய் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. ஈஸ்டரன்று 250 பேருக்கு மேல் செத்தது உண்மை. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்தும், ஜனாதிபதியும் பிரதமரும் முகம் பார்க்காமல் இருந்ததில் அது கிடப்பில் போனது உண்மை. வீட்டைக் காக்கத் தெரியாத அரசாங்கத்தை மக்கள் அடித்து விரட்டுவது எந்த ஊரிலும் நடக்கும். அதுவரை எனக்கும் விளங்குகிறது.

அதற்குமேல் கட்டியதுதான் பொய். அம்பாறையில் கொத்து ரொட்டியில் மலட்டு மருந்து என்று 2018இல் ஒரு கடையை உடைத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால் வெறும் மாவு. இந்த வருடம் எங்கள் குருநாகல் போதனா வைத்தியசாலை. 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்த முஸ்லிம் டொக்டர் என்று ஒரு பேப்பர் முதல் பக்கத்தில் போட்டது. டொக்டர் ஷாபியைப் பிடித்து அடைத்தார்கள், நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். ஆதாரம் இல்லை என்று சி.ஐ.டி.யே நீதிமன்றத்தில் சொன்னது, ஜூலையில் பிணையில் வந்தார். அந்த வரிசையில் அக்காவின் மருமகளும் நின்றாள். சிசேரியன் செய்து ஒரு பிள்ளை, அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. அந்தப் பெண்ணின் துக்கம் பொய் இல்லை மச்சான். ஏன் தங்கவில்லை என்று ஒருத்தரும் அவளுக்கு இத்தனை வருடமாக விளக்கிச் சொல்லவில்லை. ஒரு பேப்பர் வந்து காரணத்தைக் கையில் கொடுத்தது, அவள் பிடித்துக்கொண்டாள். இதைச் செய்தவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளை அல்ல.

ஹசலக்கவில் சட்டையில் கப்பல் சுக்கான் படம் இருந்த ஒரு பெண்ணைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி உள்ளே போட்டார்களே, அதைப் பற்றியும் அக்காவிடம் கேட்டேன். "அது பிழைதான்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனாலும் ஏன் அந்தச் சட்டை?" என்றார். அந்த "ஆனாலும்" எங்கள் வீடுகளிலும் நிறையவே இருக்கிறது.

இதைக் கேட்டு நீ கோபிக்கக்கூடாது. ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்களைப் பற்றிக் கதைத்த கதையை நீயும் கேட்டிருப்பாய், நாகரிகம் கருதி எழுதாமல் விட்டிருப்பாய். முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே என்று மட்டக்களப்பில் தமிழ்ப் பெடியன்களும் நோட்டீஸ் பகிர்ந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் செத்த குழந்தைகளின் படத்தைப் போட்டுத்தான் பகிர்ந்தார்கள். குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்பு பொலிசுக்கு முறையிட்டதையோ, சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த அவன் ஆட்களைப் பற்றி ஊரவர்களே தகவல் கொடுத்ததையோ அவர்கள் பகிரவில்லை. ஜூனில், முஸ்லிம்கள் எதிர்த்த கல்முனைத் தமிழ்ப் பிரதேச செயலகத்துக்காக உண்ணாவிரதம் இருந்த தமிழருக்கு ஆதரவு சொல்ல யார் யார் போனார்கள் என்று பார்த்தாய்தானே? காவி உடுத்த பிக்குகள். ஐந்து மாதம் கழித்து, அதே தமிழரும் அதே முஸ்லிம்களும் ஒரே அன்னத்துக்கு வாக்குப் போட்டார்கள். ஒற்றுமை என்று மேடையில் சொன்னார்கள். எனக்கு அதில் ஒற்றுமை ஒன்றும் தெரியவில்லை. ஆட்களைக் கடத்திய வெள்ளை வானை மறக்காதவர்கள் ஒரு பக்கம், மே மாதத்தை மறக்காதவர்கள் மறுபக்கம், இருவரும் ஒரே ஆளுக்குப் பயந்து ஒரே பெட்டியில் போட்டோம். சஜித்தில் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. உனக்கும் இல்லை என்று தெரியும்.

18ஆம் திகதி கோட்டாபய தன் பதவியேற்பை அனுராதபுரத்தில் ருவன்வெலிசாயவில் வைத்ததைப் பார்த்திருப்பாய். எல்லாளனை வென்ற துட்டகைமுனு கட்டிய தூபி, சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கும் இடம். சிங்கள மக்களின் வாக்கால் மட்டும் வெல்லலாம் என்று தனக்கு முன்பே தெரியும் என்றார், தமிழரையும் முஸ்லிம்களையும் கூட வரச் சொல்லிக் கேட்டும் எதிர்பார்த்த பதில் வரவில்லை என்றார். நான் அதைக் கேட்டு உள்ளூரச் சுருங்கிப்போனேன். எனக்கு ஆச்சரியம் தந்தது அக்காதான். நான்கு நாள் கழித்து இராணுவத்தை எல்லா மாவட்டத்திலும் கடமைக்கு அழைத்து வர்த்தமானி வந்தது. அன்றைக்கு மதிலுக்கு மேலால் கேட்டார்: "நம் ஆள் வந்த பிறகும் ஆமி தேவைப்படுகிறதே, இன்னும் என்ன வரப்போகிறதோ?" வென்ற பிறகும் பயம் அப்படியே இருக்கிறது! நாட்டில் நூற்றுக்கு 75 பேர் சிங்களவர், ஜனாதிபதி அவர்கள் விரும்பிய ஆள், இராணுவம் அவர்களுடையது. ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கில் தமிழர், உலகம் முழுக்க முஸ்லிம்கள், எங்களுக்கு இந்தத் தீவை விட்டால் யார் என்கிறார்கள். இந்தப் பயத்துக்கு எவ்வளவு வெற்றி கொடுத்தாலும் போதாது. இதை வைத்து வாக்குக் கேட்டவர்கள் இதைத் தீர்த்துவைப்பார்கள் என்று நான் நம்பவில்லை, தீர்ந்தால் அடுத்த தேர்தலுக்கு என்ன மிஞ்சும்?

இப்போது பெடியன்கள் வீதி மதில்களுக்கெல்லாம் சித்திரம் கீறுகிறார்கள். எங்கள் சந்தியிலும் கீறியிருக்கிறார்கள், ஒரு பழைய அரசன், பக்கத்தில் யானை, அதற்குப் பக்கத்தில் துவக்கோடு சிப்பாய். நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் காசு சேர்த்துத் தாங்களாகவே செய்கிறார்கள், குப்பையையும் கூட்டுகிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு வெறுப்பு வரவில்லை. மதிலில் எங்களுக்கு ஒரு மூலை கிடைக்குமா என்று பேத்தி கேட்டாள். போய்க் கேட்டுப் பார் என்றேன். இன்னும் போகவில்லை.

நீ கேட்ட ஆலோசனைக்கு வருகிறேன். வாக்கைப் புத்தளத்துக்கு மாற்றச் சொல்லி மகன் நிற்கிறான் என்கிறாய். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவன் பிறந்ததே அங்கே, அவனுக்கு மன்னார் என்பது வாப்பா அலுக்காமல் சொல்லும் கதை மட்டும்தான். அவன் தன்னுடையதை மாற்றிக்கொள்ளட்டும். உன்னுடையதை மாற்றாதே. காணி உறுதி உன் கையில் இருந்தாலும், வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை என்றால் நாளைக்கு மன்னாரில் உன்னை யார் என்று கேட்பார்கள், கேட்பது சிங்களவனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தந்திரிமலையில் கல்லெறிந்தவனுக்கு வேண்டியதும் நீ இனி வரக்கூடாது என்பதுதான்.

அடுத்த வருடம் பாராளுமன்றத் தேர்தல் வரும். கூட்டமாகப் போகிற பஸ்ஸில் ஏறாதே. இரண்டு நாள் முந்தியே சாதாரண பஸ்ஸில் மன்னாருக்குப் போய்த் தங்கச்சி வீட்டில் தங்கு, நான் அவளிடம் சொல்லிவிட்டேன். முன் அறை உனக்குத்தான். சமையலைப் பற்றி யோசிக்காதே, உன்னைக் கண்டால் அவள் மீனைத் தவிர வேறொன்றும் வைக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதன்