வயிற்றில் ஒன்று, கையில் இரண்டு: ஊர் திரும்பப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய 11 நிமிட ஆடியோவை நேற்று ராத்திரி சின்னதுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டேன். நடுவில் உன் பெரியவள் ஐபேடுக்கு அழுகிறாள், சின்னவன் எதையோ கொட்டிக் கவிழ்க்கிறான், நீ “ஒரு நிமிஷம்க்கா” என்று எழுந்துபோய்த் திரும்பி வருகிறாய். கேட்கக் கேட்க என் டல்லாஸ் வீட்டு அடுக்களையே கண்முன் வந்துவிட்டது. இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஐந்து மாத வயிற்றோடும் இரண்டு பிள்ளைகளோடும் இப்போதே கிளம்பி வரலாமா, அங்கேயே பெற்றுக்கொண்டு வரலாமா என்கிறாய்.

எங்களுக்கு அப்படி யோசிக்கவே அவகாசம் இருக்கவில்லை. ஏப்ரலில் உன் அத்தானுக்கு வேலை போனது. எச்1பி என்னும் வேலை விசாவில் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் வேறு விசா, அதுவும் இல்லையென்றால் விமானம். வேலையோடு இன்சூரன்ஸும் போகும். சொந்தக் காசில் தொடர வழி உண்டுதான், கோப்ரா என்று பெயர். மாதக் கட்டணத்தைப் பார்த்ததும் பாம்பின் பெயரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மே கடைசியில் பெரியவனுக்குப் பள்ளி முடிந்தது, ஜூன் முதல் வாரம் கிளம்பிவிட்டோம். எனக்கு அப்போது 25 வாரம்.

வந்த மறுநாளிலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றைத்தான் கேட்டார்கள். “இன்னும் மூணு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கலாம்லா? இந்தப் பிள்ளைக்கும் சிட்டிசன்ஷிப் கிடைச்சிருக்கும்லா?” உன்னையும் கேட்பார்கள், இப்போதே தயாராகிக்கொள். ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் “காபி சாப்பிடுதீங்களா?” என்று உள்ளே போய்விடப் பழகிக்கொண்டேன். இப்போது பீரோவில் ஐந்து பாஸ்போர்ட் இருக்கின்றன. மூன்று இந்தியா, இரண்டு அமெரிக்கா. அட்டை ஐந்தும் நீலம்தான். விளக்கில்லாத நேரத்தில் எடுத்தால் எது எவருடையது என்று தெரியாது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வருவது என்று முடிவாகிவிட்டதென்றால் இப்போதே வா. 28 வாரத்துக்கு முன்னால் வந்து சேர். அதைத் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். 36 வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். வீல்சேர் கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. பிள்ளைகளும் உன்னோடு வரிசையைத் தாண்டி வந்துவிடுவார்கள். கால் இறுக்கும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு மணிக்கொரு தரம் எழுந்து நட. ரத்தம் கட்டும் அபாயம் கர்ப்பிணிகளுக்கு அதிகம். டல்லாஸிலிருந்து தோஹா வரை சின்னவள் என் வயிற்றின் மேல் தலைவைத்துத் தூங்கினாள். உள்ளே இருந்தவள் உதைத்துக்கொண்டே வந்தாள். அக்கா தங்கைச் சண்டை அட்லாண்டிக்குக்கு மேலேயே ஆரம்பித்துவிட்டது.

வயிற்றுப் பிள்ளை பற்றி உனக்கு இருக்கும் பயத்தில் பாதி தேவையில்லாதது. பாளையங்கோட்டையில் டாக்டருக்கும் ஸ்கேனுக்கும் பஞ்சமில்லை. அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஐந்தாம் மாத ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் கையோடு கொண்டு வா. இங்கே முதலில் கேட்பது கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை. அங்கே ஸ்கேன் வைத்துச் சொன்ன தேதியையும் சேர்த்துச் சொல். சர்க்கரைப் பரிசோதனைக்கு அங்கே 50 கிராம், இங்கே 75 கிராம். குளூக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். எலுமிச்சம்பழம் ஒன்று கொண்டு போ.

ஆர்.சி.ஹெச். எண்ணை, அதாவது கர்ப்பத்தை அரசு சுகாதார நிலையத்தில் பதிந்து வாங்கும் எண்ணை, மட்டும் மறந்துவிடாதே. அது இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கமுடியாது. இங்கிருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள்ளேயே பதிந்துவிடுவார்கள், நாம் ஆறாம் மாதம் போய் நிற்போம். சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தார். “இத்தனை மாசமா எங்க இருந்தீங்க?” “அமெரிக்காவுல.” “அது சரி, ஆதார் இருக்கா?” இவ்வளவுதான் விசாரணை. அன்றைக்கே எண் கிடைத்தது. அதன்பிறகு அவர் மாதாமாதம் போன் செய்து இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேனா, கால் வீங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். டல்லாஸில் என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ஸ்கேன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே நமக்கு 20 வாரத்திலேயே, அதற்கு முன்னால் ரத்தத்திலேயே கூட, ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறது. பெரியவனுக்கும் சொல்லி, பிங்க் கேக் வெட்டி, படமெல்லாம் எடுத்தாகிவிட்டது. இங்கே 1994 சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். வாசலிலிருந்து ஸ்கேன் அறை வரைக்கும் பலகை மாட்டியிருக்கிறார்கள். பாலினத்தைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். வெளியே அப்பாவோடு இருந்த பெரியவன் திரையை விலக்கிக்கொண்டு வந்து, மானிட்டரைப் பார்த்ததும் சத்தமாக, “தாத்தா, தங்கச்சி பாப்பா! ஐ சா ஹர்!” என்று கத்திவிட்டான். டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. “நான் ஒண்ணும் சொல்லலீங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நர்ஸைப் பார்த்துச் சொன்னார், கடைசியில் அவனையே பார்த்து, “தம்பி, நான் ஒண்ணும் சொல்லலப்பா” என்றார். அமெரிக்காவில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று நான் விளக்கியபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வெளியே வந்தால் காத்திருந்த பெண்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் பக்கத்தில் வந்து, “அங்க கேட்டாச் சொல்லிருவாங்களோ?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தச் சட்டம் இங்கே எதற்கு இருக்கிறது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. வருவதற்கு முன்னால் உன் பெரியவளின் வாயைப் பூட்டிவிடு.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். முதல் இரண்டும் சுகப்பிரசவம், மூன்றாவதுக்குக் கத்தி வேண்டாம் என்பது என் எண்ணம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. மூன்று டாக்டர்களிடம் போய், “உங்ககிட்ட நூத்துக்கு எத்தனை ஆபரேஷன்?” என்று நேராகவே கேட்டேன். அம்மாவுக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. ஒருவர் கோபப்பட்டார், ஒருவர் சிரித்து மழுப்பினார், மூன்றாமவர் பதில் சொன்னார். அவரிடமே பார்த்துக்கொண்டேன். முதுகில் போடும் வலிமறப்பு ஊசிக்கு ராத்திரியில் ஆள் கிடையாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார், கிடைக்கவும் இல்லை. அத்தான் வெளியே நிற்கவேண்டும் என்பதுதான் அங்கே விதி. இரண்டு பேருக்குத் தொப்புள்கொடி வெட்டியவர் மூன்றாவதுக்கு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். இங்கே புதிதாகப் பாலிசி எடுத்தால் பேறுகாலச் செலவுக்குப் பெரும்பாலும் சில வருஷம் காத்திருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு இங்கே கம்பெனி இன்சூரன்ஸ் கிடைத்தால் ஒழிய, கையில் பணம் வைத்துக்கொள்.

இதெல்லாம் நீ கேட்டதற்கான பதில். நீ கேட்காமல் விட்டது உன் கையைப் பிடித்துக்கொண்டு வரப்போகிற இரண்டு பேரைப் பற்றி. உனக்கும் எனக்கும் இது ஊருக்குத் திரும்புவது. அவர்கள் இங்கே குடியேறுகிறார்கள், அதுவும் நாம் கேட்காமலே. இதை நான் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்டேன், காரணம் என் கவனமெல்லாம் வயிற்றிலேயே இருந்தது.

டெக்சாஸில் மே கடைசியில் லீவு விடுகிறார்கள், இங்கே ஜூனில் பள்ளி திறக்கிறது. பெரியவனுக்கு அந்த வருஷம் கோடை விடுமுறையே இல்லாமல் போய்விட்டது. இரண்டாம் வகுப்புக்கு டி.சி. கேட்டார்கள். அமெரிக்கப் பள்ளி அலுவலகத்தில் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் கொடுத்தார்கள். இங்கே கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சீல் இல்லையே” என்றார். நீ வரும்போது எதையாவது ஒரு முத்திரையைக் குத்தி வாங்கி வா, உருண்டையாக இருந்தால் நல்லது. ஆதாரும் கேட்பார்கள். ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு 182 நாள் இங்கே தங்கிய பிறகுதான் ஆதார் எடுக்க முடியும் என்று சொல்லி வைக்கலாம். உன் சின்னவனுக்கு ஓ.சி.ஐ.யே இன்னும் எடுக்கவில்லை என்கிறாயே, டிக்கெட் போடுவதற்கு முன்னால் அதை முடி. அப்படியே பிள்ளைகளின் பாஸ்போர்ட் தேதியையும் பார். அவர்களுக்கு 5 வருஷம்தான் செல்லும். இங்கே வந்து புதுப்பிக்க நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகவேண்டும், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு.

பள்ளியில் பையன்கள், “உங்க ஊரு எது?” என்று கேட்டிருக்கிறார்கள். “டல்லாஸ்.” “அது எங்கல இருக்கு, வள்ளியூர் பக்கமா?” வீட்டுக்கு வந்து வள்ளியூர் எங்கே இருக்கிறது என்று எங்களிடம் கேட்டான். சிரித்தோம். அவனும் சிரித்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே சாயங்காலம் திரும்பி வந்தது. மறந்திருப்பான் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் காய்ச்சல், ஒன்றுக்குப் போனால் எரிச்சல் என்று அழுகை. டாக்டர் சிறுநீரில் தொற்று என்றார். மெதுவாகக் கேட்டால், பள்ளிக் கழிப்பறையில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை, கேட்க வெட்கம், அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றான். எட்டு மணி நேரம். இரும்புச் சத்து எவ்வளவு, குழந்தை எடை எவ்வளவு என்று நான் கிராம் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஏழு வயதுப் பிள்ளை தனியாக இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். மறுநாள் போய் ஆயாம்மாவிடம் சொன்னேன். அவர் அவனை ஆசிரியர்களுக்கான கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். நீ டிக்கெட் எடுத்த அன்றைக்கே இதைப் பிள்ளைகளிடம் பேசு.

சின்னவள் வேறு மாதிரி. வந்த முதல் வாரம் ராத்திரி 2 மணிக்கு விளையாடக் கூப்பிட்டாள். அப்பாதான் அவளைத் தூக்கிக்கொண்டு விடியுமுன்னே பால் வாங்கப் போவார். தூக்கம் சரியான பிறகு புதிதாக ஒன்று ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணி ஆனதும் தன் ஷூவைத் தேடி எடுத்து, இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசற்படியில் போய் நிற்பாள். “வீட்டுக்குப் போலாம்.” அழமாட்டாள், அடம்பிடிக்க மாட்டாள். விருந்துக்கு வந்த இடத்தில் நேரமாகிவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்வாள். “இதுதான் நம்ம வீடு” என்று நான் சொன்னபோது, “இது ஆச்சி வீடு” என்றாள். என்ன பதில் சொல்வது? தூக்கிச் சமாதானம் செய்யலாம் என்றால் எட்டாம் மாத வயிறு. ஆச்சி தூக்கினால் வேண்டாம், என்னால் தூக்க முடியாது. நானும் அவளும் படியிலேயே உட்கார்ந்திருப்போம், ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு போகும்.

ஆடிப்பூரம் சமயத்தில் காந்திமதி அம்மன் வளைகாப்புக்கு அம்மா எங்களைக் கூட்டிப்போனாள். மூன்றாவது பிள்ளைக்கு எனக்குத் தனியாக வளைகாப்பு கிடையாதில்லையா, அம்மனுடையதிலேயே சேர்ந்துகொண்டேன். அன்றைக்குக் கோயில் கூட்டத்தில் சின்னவளுக்கு ஆறு மணி ஆனது தெரியவில்லை. மறுநாள் திரும்ப ஷூ. எப்போது நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாப்பா பிறந்த பிறகு ஒருநாள் அந்த ஷூ கட்டிலுக்கு அடியில் கிடந்தது, போட்டுப் பார்த்தால் கால் நுழையவில்லை.

குழந்தை டாக்டரிடம் இரண்டையும் கொண்டு காட்டு. இடது தோளில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசித் தழும்பைத் தேடுவார். அங்கே அது போடுவதில்லை, டைபாய்டு ஊசியும் போடுவதில்லை. எது வேண்டும், எது வயது தாண்டிவிட்டது என்று அவர் சொல்வார். சாமான் அனுப்புவது பற்றி நிறையக் கேட்டிருந்தாய். கப்பலில் வருவது மாதக்கணக்கில் வரும், அதனால் பிரசவத்துக்கு வேண்டியதை அதில் போடாதே. மின்சாமான் எதுவாக இருந்தாலும் அடாப்டரில் 100-240 என்று எழுதியிருக்கிறதா பார், இல்லாததை அங்கேயே கொடுத்துவிடு. கார் சீட்டைக் கொண்டு வா. பெரியம்மா சிரிப்பாள், சிரிக்கட்டும்.

இன்னொன்று. பிள்ளைகளின் தலையணை உறை இரண்டையும் துவைக்காமல் அப்படியே மடித்துக் கைப்பையில் வை. எங்களுடையதை அம்மா வந்த அன்றைக்கே எடுத்து நீலம் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டாள். ராத்திரி சின்னவள் அதை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சித்தியிடம், உன் அம்மாவிடம்தான், இப்போதே போனில் சொல்லி வை.

அன்புடன்,
அக்கா