எங்கள் வட்டத்தின் ஆண்டறிக்கை: சிச்சுவான் கடையில் இரண்டு இரவுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சேலம் அழகாபுரத்தில் நம் தெருக்காரர்கள் சேர்ந்து மாதம் ஒரு முறை வெளியே சாப்பிடப் போகும் இந்த வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தட்டுவடை செட்டுக்குச் செவ்வாய்ப்பேட்டை போனது உட்பட மற்ற மாதங்கள் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். குறிப்பேட்டில் கண்டனம் எழுதப்பட்டது ஒரே ஒரு கடையைப் பற்றித்தான் என்பதால், இந்த அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நம் தெருமுனையில் புதிதாக வந்த அந்தச் சிறு கடை, பொதுவான சீன உணவு என்று சொல்லாமல், சீனாவின் தென்மேற்கிலுள்ள சிச்சுவான் மாகாணத்துச் சமையலை மட்டும் செய்வதாகப் பலகை வைத்திருந்தது. முதல் முறை ஒன்பது பேர் போனோம். உட்கார்ந்ததும் ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னோம்: ஒருவருக்கு ஃப்ரைடு ரைஸ், ஒருவருக்கு நூடுல்ஸ், நால்வருக்குக் கோபி மஞ்சூரியன். மஞ்சூரியன் இல்லை என்று பணியாளர் பணிவாகச் சொன்னதும், இதென்ன சீனக் கடை என்று நம்மில் சிலர் முகம் சுளித்தது உண்மை. மஞ்சூரியன் சீனாவிலிருந்து வந்ததல்ல. 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையல் கலைஞர் கோழியை வைத்து உருவாக்கிய பதார்த்தம் அது, காலிஃபிளவர் பிறகுதான் அதில் ஏறியது. மஞ்சூரியா இருப்பதோ சீனாவின் வடகிழக்கு மூலையில். நம் தள்ளுவண்டிகளில் ‘செஷ்வான்’ என்ற பெயரில் கிடைக்கும் சிவப்புச் சட்னிக்கும் அந்த மாகாணத்துக்கும் பெயரளவில்தான் உறவு.

அன்று வந்த தட்டுகளை அவரவர் முன் இழுத்து வைத்துக்கொண்டோம். காரமும் எண்ணெயும் மிகுந்த ஒரே பதார்த்தத்தை ஒருவரே முழுதாகத் தின்றால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. தலைக்கு 410 ரூபாய் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மோர் குடித்ததாக மூவர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். நானும் அதில் கையெழுத்திட்டேன். இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன். தவறு சமையலில் இல்லை, நாம் உணவு கேட்ட முறையில் இருந்தது. சீனாவிலெல்லாம் வெறும் வெள்ளைச் சோற்றை ஆளுக்கொரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள பல பதார்த்தங்களிலிருந்து எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுவார்கள். நாம் செய்தது, பந்தியில் ஒருவருக்குப் புளிக்குழம்பு மட்டும், அடுத்தவருக்கு ஊறுகாய் மட்டும் என்று இலை போட்டதற்குச் சமம்.

ஆறு வாரம் கழித்து ஏழு பேர் மறுபடி போனோம். இம்முறை ஒருவர் மட்டுமே பேசுவது என்று வாசலிலேயே தீர்மானித்தோம். மேசைக்குப் பொதுவாக ஐந்து பதார்த்தங்களும் வெள்ளைச் சோறும் கேட்டோம்.

முதலில் வந்தது, சோயாப் பனீரில் செய்யும் ‘மாப்போ தோஃபு’. அம்மைத் தழும்பு முகத்துக் கிழவி என்று பொருள்படும் ‘மாப்போ’ என்ற சொல், சிச்சுவானின் செங்டு நகரில் 19-ஆம் நூற்றாண்டில் கடை நடத்திய ஒரு பெண்மணியைக் குறிப்பது. வழக்கமாக இறைச்சிக் கொத்து சேரும் இடத்தில் நமக்காகக் காளான் போட்டிருந்தார்கள். ஜவ்வரிசி ஆலையில் பல்லாண்டு வேலை பார்த்த நம் உறுப்பினர், குழம்பின் பளபளப்பைக் கரண்டியில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இது கிழங்கு மாவுப் பதமுங்க” என்றார். கேட்டால், சேலத்து மரவள்ளி மாவைத்தான் கரைத்து ஊற்றுவதாகச் சமையல்காரரும் ஒப்புக்கொண்டார்.

அதன்மேல் தூவியிருந்த பழுப்பு நிறப் பொடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சிச்சுவான் மிளகு என்கிறார்கள். ஆனால் அது மிளகே அல்ல. சமையல்காரர் ஒரு கிண்ணத்தில் முழுதாகக் கொண்டுவந்து காட்டினார்: சிறு மொட்டு வெடித்தது போன்ற மேல்தோல், உள்ளே இருக்கும் கறுப்பு விதை மண்போல் நறநறக்கும் என்பதால் நீக்கிவிடுகிறார்கள். ஒன்றை மென்றதும் முதலில் ஒன்றுமில்லை. அரை நிமிடத்தில் நாக்கு நுனியும் உதடும் மரத்து, உள்ளே ஏதோ துடிப்பது போல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு குடித்த தண்ணீர்கூட லேசாகப் புளித்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கராக இருந்த பெரியவர், சில்வர் ஓக்கில் படரும் மிளகுக்கொடியோடு வாழ்ந்தவர், முகர்ந்து பார்த்துவிட்டு, “மிளகில்லைங்க, நாரத்தைத் தோல் வாசம் அடிக்குது” என்றார். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. நாரத்தை, எலுமிச்சை, நம் கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அது.

அடுத்து வந்த ‘மீன் மணக் கத்தரிக்காய்’ சிறு சங்கடத்தை உண்டாக்கியது. சைவ உறுப்பினரான அம்மையார் பெயரைக் கேட்டதும் நாற்காலியையே பின்னுக்குத் தள்ளிவிட்டார். அதில் மீன் துளியும் இல்லை. மீன் சமைக்கச் சேர்க்கும் ஊறுகாய் மிளகாய், இஞ்சி, பூண்டு, வினிகர், சர்க்கரைக் கூட்டைக் காய்க்குப் போடுவதால் வந்த பெயர் என்று சமையல்காரரே வந்து விளக்கிய பிறகுதான் தொட்டார். பாதிக் கிண்ணம் அவர் பக்கம்தான் போயிற்று என்பதையும் பதிவு செய்கிறேன்.

மேட்டூர் மீனில் செய்த ‘தண்ணீரில் வெந்த மீன்’ பெயருக்கு மாறாக, மிளகாய் மிதக்கும் எண்ணெயில் வந்தது. மீனை மட்டும் அரித்தெடுக்க வேண்டும். பொருளாளர் அதை ரசம் என்று எண்ணிச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். அவர் நலமாக இருக்கிறார். வறுத்த பீன்ஸும் நிலக்கடலை போட்ட கோழியும் தகராறில்லாமல் தீர்ந்தன. பில் தலைக்கு 330 ரூபாய்.

ஆகவே முதல் முறை எழுதிய கண்டனத்தை நீக்கவும், இனி எந்தக் கடையிலும் மேசைக்கு ஒருவரே உணவு சொல்லவும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். மூன்றாம் முறை வர விரும்புவோர் மாதக் கடைசி ஞாயிறுக்குள் பெயர் கொடுக்கவும். வட்ட மேசையில் பத்துப் பேர்தான் உட்கார முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்