டிஸ்னிலாண்டுக்கு வரலாமா என்று கேட்டாயே

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ரிட்டயர்மென்ட் காகித வேலையெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை என்று எழுதியிருக்கிறாய், அதுதான் கவலை. விமான டிக்கெட் போடும்போது நடுவில் ஓரிடத்தில் இறங்கி நாலு அடி நடக்கிற மாதிரி பார்த்துப் போடு. ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம் உட்கார வைத்துவிடாதே.

இங்கே எல்லாரும் சுகம். மகள் எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிடத் தூரத்துக்கே குடிவந்துவிட்டாள். நீ தோளில் தூக்கிச் சுமந்த அதே நாலு வயதுப் பிள்ளைதான். இப்போது அவள் மகளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது.

சான் ஹோசேயில் உன் மகன் வீட்டிலிருந்து ஆறு மணி நேரம் காரில் வந்து, அவ்வளவு பணத்தையும் கொட்டி, டிஸ்னிலாண்டைப் பேரனுக்குக் காட்டுவது தகுமா, நாம் அன்றைக்குப் பார்த்த மாதிரிதான் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1998 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? நீ ஒய்டுகே வேலைக்கு, அதுதான் 2000ம் ஆண்டுக் கணினிப் பிழையைத் திருத்துகிற வேலைக்கு, வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாசலுக்கு எதிரே பெரிய பார்க்கிங்கைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் 2001ல் கலிபோர்னியா அட்வென்ச்சர் என்ற இரண்டாவது பார்க் வந்தது. அன்றைக்கு நாம் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினோம். குட்டி இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்து வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், குமிழி குமிழியாக மேலே போகும், நாம் ஆழத்துக்குப் போவது போலவே இருக்கும். ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு நீ என் காதில் சொன்னாய்: "மாப்ள, இது இறங்கவே இல்லடா. குமிழியை மட்டும்தான் விடுறான்." கண்டுபிடித்த பிறகும் உன் முகத்தில் அந்தச் சந்தோஷம் குறையவில்லை. நாம் போய் வந்த அடுத்த மாதமே அதை மூடிவிட்டார்கள். 2007ல் நீமோ மீன் கதையோடு திரும்பத் திறந்தார்கள். குமிழி இப்போதும் அப்படியேதான் மேலே போகிறது.

நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் குமிழியில் இருக்கிறது. அந்த இடத்தைக் கட்டியவர்கள் செய்த கைவேலை எழுபது வருடம் கழித்தும் தேயவில்லை. இந்த முறை நிதானமாகக் கவனித்தேன். பூங்காவைச் சுற்றிலும் உயரமாக மண்மேடு போட்டு, அதன்மேல் ரயில் ஓட விட்டிருக்கிறார்கள். உள்ளே போய்விட்டால் அனாஹைம் நகரமும் ஃப்ரீவேயும் கண்ணில் படுவதே அபூர்வம். மெயின் ஸ்ட்ரீட்டில் கட்டடங்களின் மாடி மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிறது. கோட்டை இருக்கிறதே, அது மொத்தமே 77 அடிதான். நம் மதுரை மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தில் பாதிகூட இல்லை. கீழே பெரிய கல், மேலே சின்னக் கல் என்று செதுக்கி வைத்து அண்ணாந்து பார்க்க வைக்கிறார்கள். கோபுரத்து நிலைகள் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வித்தை சட்டென்று பிடிபடும்.

அந்த நிலம் முன்பு ஆரஞ்சுத் தோப்பு. ஒரு பேரீச்ச மரம், 1896ல் வைத்தது, பூங்காவின் அட்வென்ச்சர்லாண்டு பகுதியில் இன்னும் நிற்கிறது. நிலத்தை விற்ற குடும்பம் கேட்டுக்கொண்டதால் அதை வெட்டாமல் இடம் மாற்றி நட்டார்களாம். பேத்தியைத் தூக்கி அதைக் காட்டினேன். அவளுக்கு அது வெறும் மரம்தான். எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

பைரேட்ஸ் என்கிற கடற்கொள்ளையர் படகு ரைடைத் தவறவே விடாதே. வெளியே உச்சி வெயில் அடிக்கும். உள்ளே படகு நகர ஆரம்பித்ததும் அந்தி. மின்மினிப் பூச்சிகள் விட்டு விட்டு ஒளிர்கின்றன. கரையில் ஒரு குடிசைத் திண்ணையில் கிழவர் ஒருவர் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எங்கிருந்தோ பாஞ்சோ இசை லேசாகக் கேட்கிறது. யாருக்கும் அவசரமில்லை. பேத்தி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, அவர் ஏன் வீட்டுக்குள்ள போகல?" என்று குசுகுசுவென்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் படகு சரிந்து இருட்டுக்குள் விழுந்தது. கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. 1967 மார்ச்சில் திறந்த ரைடு அது. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் இறந்துவிட்டார், முடிந்த நிலையில் அவர் அதைப் பார்க்கவே இல்லை. பெண்களை ஏலம் விடுகிற ஒரு காட்சி அதில் இருந்தது, ஞாபகம் இருக்கும். 2018ல் அதை எடுத்துவிட்டு, ஏலத்துக்கு நின்ற சிவப்பு முடிக்காரியையே கொள்ளைக்காரியாக மாற்றிவிட்டார்கள். பழசு போச்சே என்று வருந்துகிறவர்கள் உண்டு. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய காட்சியைக் கடக்க எனக்கு மனம் வந்திருக்காது. மாற்றியது நல்லது.

இதுவரை நல்லதுதான். மீதிப் பாதி பணத்தையும் வரிசையையும் பற்றியது. இதைச் சொல்லாமல் உன்னை வரச் சொன்னால் நான் நண்பனில்லை.

1998ல் நாம் ஆளுக்கு நாற்பது டாலருக்குள் கொடுத்து உள்ளே போனோம். இன்று கூட்டம் குறைந்த நாளில் 104 டாலர், உச்ச நாட்களில் 200ஐத் தாண்டுகிறது. விலைவாசி ஏறியிருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. என்னைச் சங்கடப்படுத்துவது டிக்கெட் விலைகூட இல்லை. அன்றைக்கு நாம் நின்ற வரிசையில்தான் எல்லாரும் நின்றார்கள். நமக்கு முன்னால் ஒரு டாக்டர் குடும்பம் நின்றதும், பின்னால் ஃப்ரெஸ்னோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளி குடும்பம் நின்றதும், முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே நகர்ந்ததும் உனக்கு மறந்திருக்காது. உள்ளே வந்துவிட்டால் எல்லாக் குழந்தையும் ஒன்று. 1999ல் ஃபாஸ்ட்பாஸ் என்கிற வேக வரிசைச் சீட்டு வந்தபோதுகூட அது இலவசம்தான், முன்னால் போய்ச் சீட்டு எடுத்தவனுக்குக் கிடைத்தது. 2021 டிசம்பரில் அந்த இடத்துக்குக் காசு வாங்கும் முறை வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர். இப்போது லைட்னிங் லேன் என்று பெயர், 30க்கு மேல். 2024 அக்டோபரில் இன்னொன்றும் சேர்ந்தது: ஆளுக்கு, அன்றைய விலையில், 400 டாலர் கொடுத்தால் அந்த வேக வரிசை இருக்கிற எல்லா ரைடிலும் ஒவ்வொரு முறை, எந்த நேரத்திலும் போகலாம்.

தமுக்கம் பொருட்காட்சியை நினைத்துப் பார். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனிச் சீட்டு. நம் இருவர் கையிலும் சேர்த்து ஒரு ராட்டினத்துக்குத்தான் காசு இருக்கும். மரணக் கிணறா, ராட்டினமா என்று அப்பளத்தைக் கடித்துக்கொண்டே எத்தனை நேரம் பேசியிருப்போம்! டிஸ்னிலாண்டும் முதலில் அப்படித்தான் இருந்தது என்று சமீபத்தில்தான் படித்தேன். 1955ல் நுழைவுக்கு ஒரு டாலர், ரைடுக்கு வேறு காசு. அப்புறம் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகம். 1959ல் இ வரை போனது, இ என்றால் ஆகச் சிறந்த ரைடு. 1982ல்தான் அதைக் கைவிட்டு, ஒரே விலை, எல்லா ரைடும் என்று கொண்டு வந்தார்கள். ஆக, நாம் அனுபவித்தது நடுவில் வந்த ஒரு நல்ல காலம், மாப்ள. இப்போது இ சீட்டு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் காலச் சீட்டுப் புத்தகம் இல்லாதவன் ரைடில் ஏறவில்லை, அவ்வளவுதான். இப்போது ஏறத்தான் போகிறான், ஆனால் பக்கத்து வரிசை தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். குழந்தைகளுக்காகக் கட்டிய இடத்தில் இது கூடாது. வீட்டில் மகளிடம் சொன்னேன். "எல்லா இடத்திலயும் இப்படித்தானேப்பா, விமானத்தில இல்லையா?" என்றாள். விமானம் வேறு, இது வேறு என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று போன். எந்த நாள் வருகிறோம் என்று முன்பதிவு, டிக்கெட், எந்த ரைடில் எத்தனை நிமிடம், சாப்பாட்டு ஆர்டர், எல்லாம் ஆப்பில்தான். பெரியவர்கள் பாதிப்பேர் கோட்டையைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். வரும்போது போன் வேலையை உன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு நீ பேரனின் கையைப் பிடித்துக்கொள்.

புகார் புதிதில்லை. 1955 ஜூலை 17 திறப்பு நாளே பெரிய களேபரம். கள்ள டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானோர் புகுந்துவிட்டார்கள், வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் ஹீல்ஸ் பதிந்தது, பிளம்பர் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. அதைத் திருத்திக்கொண்டவர்கள் இதையும் திருத்துவார்கள் என்றுதான் நம்ப ஆசைப்படுகிறேன்.

பேத்தி கதையைச் சொல்கிறேன். பீட்டர் பேன் ரைடு 1955லிருந்து இருக்கிறது. ஓடுவது மூன்று நிமிடம்கூட இல்லை, வரிசை எப்போதும் நீளம். அதை முதல் ரைடாக வைத்துக்கொண்டோம். குட்டிக் கப்பல் மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகிறது. ஜன்னலைத் தாண்டியதும் கீழே இரவு லண்டன், தெருவெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். அவள் பேச்சே இல்லாமல் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 28 வருடத்துக்கு முன் அவள் அம்மா அதே இடத்தில் "கீழ பாருப்பா, கீழ பாருப்பா" என்று கத்தியது என் காதில் கேட்டது. ஒருத்தி கத்தினாள், ஒருத்தி வாயடைத்துப் போனாள். ரைடு இருவருக்கும் தன் வேலையைச் செய்துவிட்டது.

பிறகு குடைராட்டினம். வெள்ளைக் குதிரைகள், எல்லாமே தாவுகிற குதிரைகள். மகளும் பேத்தியும் ஏறினார்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களை லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பார்க் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். அப்பா அம்மாவும் பிள்ளைகளோடு சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தங்குகிற சின்ன வீடு மெயின் ஸ்ட்ரீட்டில் தீயணைப்பு நிலைய மாடியில் இருந்தது. அந்த ஜன்னலில் இன்றும் ஒரு விளக்கை எரிய விட்டிருக்கிறார்கள். நம் வீட்டு மாடக்குழியில் பாட்டி ஏற்றி வைப்பாளே, அந்த நினைப்புதான் வந்தது.

அதனால் வா. பேரனுக்காக வா, தாராளமாக வா. 1998ஐத் தேடி மட்டும் வராதே. ஒரு நாள் போதும், ஒரே பார்க் போதும். ஆகஸ்ட் மூன்றாவது வாரத்துக்கு மேல், பள்ளிக்கூடம் திறந்த பிறகு, செவ்வாயோ புதனோ பார். முதல் நாள் இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இங்கிருந்து இருபது நிமிடம்தான். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றால் முதல் இரண்டு மணி நேரத்தில் நாலு பெரிய ரைடு முடிந்துவிடும். காசு கொடுக்கிற பாஸ் வேண்டாம். வெயில் ஏறியதும் ரயிலில் ஒரு சுற்று, அப்புறம் மார்க் ட்வெய்ன் நீராவிக் கப்பல். ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காவில் இதே மாதிரிக் கப்பல் ஓடிய ஆற்றை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். இங்கே இன்னும் ஓடுகிறது, பார்த்துவிடு. தங்கச்சிக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளச் சொல், நான் தள்ளுகிறேன்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடுகிறார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. இங்கே என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, இப்போதே புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் என்று முடிவு செய்துவிட்டாள். பேரனுக்குக் காரம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. அவன் உயரத்தையும் அளந்து எழுது, சில ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கிறது, வந்த இடத்தில் பிள்ளை ஏமாறக் கூடாது.

தேதியை மகனிடம் பேசிச் சீக்கிரம் சொல். பேத்தி இன்னொரு தாத்தா வருகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உன் மாப்ள