மந்தை முழுக்க மருந்து ஊற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் நெல்லைச் சீமையில் ஆடு வைத்திருப்பவர்கள் முதலில் எடுப்பது குடற்புழு மருந்துப் புட்டியைத்தான். கிடாவுக்கும் குட்டிக்கும் ஒரே மூடி அளவில், மந்தை மொத்தத்துக்கும் ஊற்றிவிடுகிறார்கள். மருந்து பலிக்காமல் போவதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம்.

மழைக்காலத்தில் ஆட்டைக் கொல்வது நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் ஓடுவதே ஏறத்தாழ 1,300 மில்லிதான். பெண் புழு தினமும் 5,000 முட்டை வரை, சில நேரம் அதற்கு மேலும் இடும். ஈரமும் வெக்கையும் கூடினால் ஒரு வாரத்தில் அவை புல்லில் ஏறும் இளம்புழுக்களாகிவிடும்.

ஆனால் எல்லா ஆட்டிலும் புழு ஒரே அளவில் இருப்பதில்லை. மந்தையில் நாலில் ஒரு பங்கு ஆடுகளே பெரும்பாலான புழு முட்டைகளைப் புழுக்கையில் வெளியேற்றுகின்றன. மற்றவற்றின் உடம்பு புழுவைத் தானே அடக்கிவிடுகிறது. இரைப்பைச் சவ்வில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் புழுவின் வளர்ச்சியைக் குறுக்குகிறது, ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் இளம்புழுவைத் தாக்குகின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இந்தச் சக்தி குறைவு. ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, ஈன்று ஆறு வாரம் வரை தாய்க்கும் தளர்ந்துவிடும். புரதத்தில் பெரும்பகுதி மடிக்குப் போவது முக்கியக் காரணம். அந்த நாட்களில் கடலைப் புண்ணாக்கு கலந்த அடர்தீவனம் தினம் 200 கிராம் கொடுத்தால் வித்தியாசம் தெரியும். வெள்ளாடு காலங்காலமாக உடை மரமும் வேலிச் செடியும் கடித்து வாழ்ந்த இனம் என்பதால் புழுவை எதிர்ப்பதில் செம்மறிக்கு ஒரு படி கீழேதான்.

யாருக்கு மருந்து வேண்டும் என்பதைக் கண் சொல்லும். பகல் வெளிச்சத்தில் மேல் இமையை விழிமேல் மெல்ல அழுத்தி, கீழ் இமையை இறக்கி, உள்சவ்வைச் சட்டென்று பாருங்கள். நேரம் கடத்தினால் அதுவே சிவந்து ஏமாற்றும். தூசியும் கண்நோயும் அப்படித்தான். நல்ல சிவப்பென்றால் விட்டுவிடலாம். வெளிறியிருந்தாலோ தாடையின் கீழ் நீர் கோத்திருந்தாலோ மருந்து அவசியம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். மருந்து படாத ஆடுகளின் புழுக்கள் மேய்ச்சலில் கலப்பதால், மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் பெருகுவது தடைபடுகிறது.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். 2.5 சதவீத ஃபென்பெண்டசோல் குடற்புழு மருந்து என்றால் 25 கிலோ செம்மறிக்கு 5 மில்லி. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றுவதால் அதே எடைக்கு 10 மில்லி. புட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியில் தங்கி, முதல் ஆடுகளுக்குத் தண்ணீர்தான் போகும். நாக்கின் பின்பக்கம் மெதுவாக ஊற்ற வேண்டும்.

மருந்து பலித்ததா என்பதைப் புழுக்கையில் பார்க்கலாம். ஊற்றும் நாளிலும் 14ஆம் நாளிலும் அதே பத்து ஆடுகளின் மலக்குடலிலிருந்தே புழுக்கை எடுங்கள். தரையில் கிடப்பதில் மண்ணில் வாழும் வேறு நுண்புழுக்களின் முட்டையும் சேரும். 4 கிராமை 56 மில்லி கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, மெக்மாஸ்டர் என்னும், முட்டை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடியில் நிரப்பி, ஐந்து நிமிடம் கழித்து இரு கட்டத்திலும் எண்ணி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டை எண்ணிக்கை. உப்பு குறைந்தால் முட்டை மிதக்காது. 14ஆம் நாளில் முட்டைக் குறைவு 95 சதவீதத்தை எட்டாவிட்டால் அந்த மருந்தை மாற்ற வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2014இல் இப்புழுவுக்குத் தடுப்பூசி வந்தது. புழுவின் குடல் சவ்வுப் புரதத்தில் செய்தது. ஆடு அதை இயற்கையில் சந்திப்பதில்லை என்பதால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நமக்குக் கைக்கெட்டிய வழி கிடாவைத் தேர்ந்தெடுப்பது. திடமான கிடா கோயில் கொடைக்கும் மேலப்பாளையம் சந்தைக்கும் போக, மிஞ்சியதே மந்தைக்குத் தகப்பனாகிறது. முட்டை எண்ணிக்கை குறைந்த கிடாவை நிறுத்துங்கள். அந்தக் குணம் குட்டிக்கும் இறங்கும்.

குடற்புழு நீக்க முகாம் நடத்துவோர் ஊருக்குப் பத்து ஆட்டிலாவது முன்னும் பின்னும் முட்டை எண்ணி, முடிவை அந்த ஊர்க்காரர்களுக்கே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மைக்ரோஸ்கோப்பும் ஒரு எண்ணும் கண்ணாடியும் போதும்.

இப்படிக்கு,
கால்நடை ஒட்டுண்ணியியல் பணியில் உள்ள வாசகர்கள்,
திருநெல்வேலி.