பயாப்ஸி படிவத்தில் விட்டுப்போகும் ஒரு வரி

அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் குடல்நோய் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன், நோயியல் மருத்துவரான என் மேசைக்கு ஒரு சிறு புட்டி வந்தது. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினுக்குள், பயாப்ஸிக்காகக் கிள்ளியெடுத்த, அரிசிக் குருணை அளவில் மூன்று திசுத் துண்டுகள். கூட வந்த படிவத்தில் “பெண், மலக்குடல், இரத்தப்போக்கு” என்று மட்டும் எழுதியிருந்தது.

ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சளிச்சவ்வுக்கு அடியில் கண்ணாடிபோல் இறுகிய நார்த்திசு. அதற்குள் கைகால் நீட்டிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செல்கள், உட்கரு கறுத்து வடிவம் கெட்டு. புற்றுநோய் என்று எழுதக் கை போய்விட்டது. ஆனால் அவற்றில் ஒன்றுகூடப் பிளவுபடும் நிலையில் இல்லை. புற்றுநோயில் போலன்றி, உட்கரு பெருத்த அளவுக்கு அந்தச் செல்களும் பெருத்திருந்தன. பக்கத்தில் ஒரு சின்னத் தமனி. அதன் உள்சுவருக்கு அடியில் நுரைத்த செல்கள் குவிந்து, இரத்தம் போகும் வழி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மேலே நுண்குழாய்கள் விரிந்து, தொட்டால் வெடிப்பதுபோல் நின்றன.

வார்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். கதிர் சிகிச்சை எடுத்தாரா? “இல்லை என்கிறார், டாக்டர்.” கரண்ட் வைத்தார்களா என்று கேளுங்கள் என்றேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: ஆமாம், ஆறு வருடத்துக்கு முன், கர்ப்பப்பை வாய்க்கு, இருபத்தைந்து நாள்.

நான் பார்த்தவை புற்றுச் செல்கள் அல்ல, கதிர்பட்டு உருமாறிய நார்ச்செல்கள்.

இதைக் கதிர்வீச்சுக் குடல் அழற்சி என்கிறோம். பெயரிலேயே கோளாறு இருக்கிறது. சிகிச்சை நடக்கும் வாரங்களில் வருவது வேறு. குடலின் சுரப்பிக் குழிகளில் ஓயாமல் பிளவுபடும் செல்கள் மடிகின்றன, உட்சுவர் தட்டையாகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது. அதில் அழற்சி உண்டு. சிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதங்களில் அடங்கிவிடும். மாதங்கள், ஆண்டுகள் கழித்து வருவதில் அழற்சி சொற்பம். இரத்தக் குழாய்கள் அடைபட்டு, சுவர் நார்பிடித்து, குடல் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது. பிறகு புண், சுருக்கம், அடைப்பு, சிலருக்குப் பக்கத்து உறுப்புக்கு ஓட்டை. கடைசிச் சிறுகுடல் கதிரில் மாட்டியிருந்தால் வைட்டமின் பி12 உறிஞ்சுவதும் கெடும். அழற்சி என்ற சொல்லை நம்பி, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எழுதுகிறவர்கள் இந்தத் தமனியை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

இது புதிய சங்கதியும் அல்ல. ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். 1897லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் அது குடலைப் பாதிப்பது பற்றிய குறிப்பு வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். விவரம் இல்லாத துண்டு வந்தால் “குறிப்பிட்ட தன்மையற்ற அழற்சி” என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறோம். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நோயாளி மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அதனால் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: எந்த உறுப்புக்கு, எந்த ஆண்டில், எத்தனை நாள், உள்ளே வைத்தும் கதிர் கொடுத்தார்களா. கேட்கும்போது கரண்ட் என்றே கேளுங்கள். நம் ஊரில் கதிர் சிகிச்சைக்கு அதுதான் பெயர்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இடுப்புப் பகுதியில் கதிர் வாங்கியவரின் மலக்குடலில் முன்சுவரைக் கிள்ளாதீர்கள். அதிகக் கதிர் பட்டது அங்கேதான். இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் நீங்கள் போடும் சிறு காயம் ஆறாது. பிறப்புறுப்புக்கு வழி திறந்து மலம் அந்த வழியாக வரத் தொடங்கினால் அந்தப் பெண்ணின் கதி என்ன? உள்நோக்கியில் விரிந்த நுண்குழாய்கள் தெளிவாகத் தெரிந்து, கதிர் வாங்கிய கதையும் பொருந்தினால், பெரும்பாலும் துண்டே எடுக்க வேண்டியதில்லை. வேறு சந்தேகம் இருந்து எடுத்தே தீர வேண்டுமென்றால் பின்சுவரிலோ பக்கச்சுவரிலோ எடுங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் இல்லை என்று அன்றே அறிக்கை அனுப்பிவிட்டேன். மூன்று துண்டுகளும் எந்தச் சுவரிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அதன் கீழே கேட்டிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
நோயியல் மருத்துவர் ஒருவர்