ஊர் மாறினால் பாட்டு வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களை விட்டுச் சிற்றூர்களில் குடியேறும் பாடலாசிரியர்களையும் இசைக்கலைஞர்களையும் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். நானும் அப்படிக் குடிபெயர்ந்தவன் என்பதால் அதில் பெரும்பகுதி என் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஆனால் இரைச்சல் இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் பாட்டு தானாக ஊறிவரும் என்ற கருத்து மட்டும் உண்மைக்குப் பொருந்தவில்லை. அதை நம்பி ஊர் மாற எண்ணும் இளைஞர்களுக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னை சாலிகிராமத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெட்டுக்குப் பாட்டெழுதினேன். தொலைக்காட்சித் தொடர்கள், பக்திப்பாடல் தொகுப்புகள், விளம்பரங்கள் என்று எது வந்தாலும் இசையமைப்பாளர் அனுப்பும் தத்தகாரத்தை, அதாவது சொல்லில்லாமல் ‘தன்ன தான’ என்று பாடிய மெட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, குறில் நெடில் பார்த்துச் சொல்லை இட்டு நிரப்புவதே வேலை. 2019-ல் தென்காசி மாவட்டத்தில், மேற்கு மலையைப் பார்த்திருக்கும் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ஒரு பல்லவிகூட அமையவில்லை. சாரலும் மலையும் வயலும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன என்பது உண்மைதான். ஆனால் நான் எழுதியவையெல்லாம் சென்னை அறையில் இருந்துகொண்டே எழுதியிருக்கக்கூடிய வரிகளாகவே இருந்தன.

அந்நாட்களில் எனக்குத் துணை நின்றது இந்துஸ்தானி இசைமேதை குமார் கந்தர்வரின் வாழ்க்கை. 1924-ல் கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் பிறந்து, மும்பையில் இசை ஆசிரியர் பி. ஆர். தேவ்தரிடம் பயின்று, இளம் வயதிலேயே பெரும்புகழ் அடைந்த அவரைக் காசநோய் பிடித்தது. வறண்ட காற்று நல்லதென்று 1948-ல் மத்திய இந்தியாவின் மால்வா மேட்டுநிலத்திலுள்ள தேவாஸ் என்னும் சிறிய ஊருக்குக் குடிபெயர்ந்தார். பாடவே கூடாது என்பது மருத்துவர்களின் கட்டளை. மூச்சைக் கொண்டே வாழ்ந்த ஒரு பாடகர், ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்காமல் படுத்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் படுக்கையில் இருந்தபடி அவர் கேட்டவை மால்வாப் பெண்களின் பருவகாலப் பாடல்களும், தெருவில் பாடிக்கொண்டு போன நாதயோகிகள் என்னும் துறவிகள் உருவமற்ற இறைவனைப் பாடும் நிர்குணப் பாடல்களும். புதிய மருந்தால் நோய் தணிந்து 1953-ல் மீண்டும் மேடையேறியபோது அவரது நுரையீரல்களில் ஒன்றுதான் சரிவர இயங்கியது. நீண்ட ஆலாபனைக்கு மூச்சு இடம் தராததால் சிறுசிறு வீச்சுகளாகப் பாடும் ஒரு புதிய முறை பிறந்தது. நாட்டு மெட்டுகளிலிருந்தே ராகங்கள் முளைத்தன என்று கண்டு, அந்த மெட்டுகளிலிருந்து புதிய ராகங்களையும் அவரே உருவாக்கினார். அவர் இயற்றிய உருப்படிகளின் தொகுப்பு 1965-ல் நூலாக வெளிவந்தது. உடல் தேறிய பின்னும் அவர் மும்பைக்குத் திரும்பவில்லை. 1992-ல் மறையும்வரை தேவாஸிலேயே இருந்தார். என் மதிப்பை மேலும் உயர்த்தும் செய்தி ஒன்று உண்டு. மால்வாவின் நாட்டுப்பாடல்களை மட்டுமே கொண்டு தனி மேடை நிகழ்ச்சி அமைத்து, தாம் எங்கிருந்து பெற்றார் என்பதை அவர் ஊரறியச் சொன்னார்.

தேவாஸ் அவருக்குக் கொடுத்தது பிறர் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு. எனக்கும் அது பிந்தித்தான் விளங்கியது. ஆனி மாதத்தில் கார் பருவ நெல் நடவின்போது பக்கத்து வீட்டு ஆச்சி, வயது எழுபதைத் தாண்டியவர், வரப்போரம் நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் பாடிக்கொண்டே நட்டார். மற்றப் பெண்கள் வாங்கிப் பாடினார்கள். மூன்று வரிகள் ஒரே அளவில் ஓடின. நான்காவது வரி மட்டும் பாதியிலேயே அறுந்து நின்றது. நினைவு தப்பிவிட்டதென்று முதலில் எண்ணினேன். கூர்ந்து பார்த்தபோதுதான், கையிலிருந்த நாற்று தீர்ந்து அடுத்த நாற்றுக்கட்டை எடுக்க அவர் நிமிரும் இடத்தில்தான் அந்த வரி ஒவ்வொரு முறையும் அறுகிறது என்பது தெரிந்தது. அன்று மாலை திண்ணையில் உட்காரவைத்துக் கைப்பேசியில் பதிய முயன்றேன். இரண்டு வரி பாடியதும் நிறுத்திவிட்டார். “சும்மா உக்காந்துகிட்டு எப்படித் தம்பி பாட? கை ஓடுனாத்தான பாட்டு ஓடும்” என்றார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்துக்கு மாத்திரை எண்ணிய எனக்கு, சந்தம் உடம்பிலிருந்து பிறக்கிறது என்பதை அந்த ஒரு சொல் கற்பித்தது. அந்த அறுந்த நான்காம் வரியை அடித்தளமாகக் கொண்டு நான் எழுதிய குழந்தைப் பாடலைத்தான் இன்றுவரை என் பாடல்களிலேயே சிறந்ததாகக் கருதுகிறேன். ஏற்றம் இறைத்தவன் பாடிய வரியைக் கேட்டு, அடுத்த வரிக்காகக் கம்பர் மறுநாள்வரை காத்திருந்தார் என்று நம் ஊர்களில் ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிகழ்வோ, கவிச்சக்கரவர்த்தியையும் காத்திருக்க வைக்கும் பாட்டு வயலில் இருக்கிறது என்று நம் முன்னோர் நம்பியிருக்கிறார்கள். இன்று ஏற்றம் போய்ப் பம்புசெட்டு வந்துவிட்டது. நடவுக்கும் இயந்திரம் வருகிறது. கை ஓடுவது நின்றால் பாட்டும் நிற்கும் என்று ஆச்சி சொன்னதன் பொருள் எனக்கு இப்போது அச்சமாகவே இருக்கிறது.

என் குழந்தைப் பாடல் வெளியானபோது பாடலாசிரியர் என்று என் பெயர் மட்டுமே அச்சானது. ஆச்சியின் பெயரையும் சேர்க்கச் சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதை இன்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நெல்லைச் சீமையைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோது, பாட்டின் அடியில் சேகரித்தவர் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தார். அந்த வழக்கத்தைப் பின்பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் வாரம் ஒரு பாட்டுக்கு இடம் ஒதுக்கி, பாடியவரின் பெயர், அவர் ஊர், எந்த வேலையின்போது பாடியது என்ற விவரங்களோடு, அவர் ஒப்புதல் பெற்று வெளியிட வேண்டுகிறேன். அதற்கு உரிய சன்மானம் பாடியவர் கைக்கே நேராகச் சேர வேண்டும். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஊர் ஊராகச் சென்று பாடல்களை எழுதியெடுத்து அனுப்பும் பணியை ஊதியமின்றி ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். தாங்கள் இசைந்தால், அடுத்த கார் நடவு தொடங்கும் ஆனி மாதத்துக்குள் முதல் பாட்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தென்காசி மாவட்டம்.